ஊதா மரத்தில் ஒரு ஓட்டை

ஓட்டை போட்டது டொக்டொக்தான். வேறு யாரும் இல்லை. அந்த நேரத்தில் பட்டறையில் அவரைத் தவிர ஒரு பல்லி மட்டும்தான் இருந்தது. அதற்கு ட்ரில் மிஷின் ஓட்டத் தெரியாது.

ஆனாலும் ட்ரில் மேஜையில் இறங்கிய சத்தம் கேட்டதும் அவர் முறைத்துப் பார்த்தது பல்லியைத்தான். பழியை யார் தலையில் போடலாம் என்று தேடும்போது மனுஷன் கண் எங்கெங்கோ போகிறது.

நடந்தது இவ்வளவுதான். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப் உட்காருவதற்காக, கிதாரின் உடம்புப் பலகையில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி எடுக்க வேண்டும். அதற்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ள மிஷினில் ஒரு தடுப்புத் திருகு இருக்கிறது. இருபது வருஷமாகக் காபி குடிக்க மறந்தாலும் அந்தத் திருகை இறுக்க மறக்காதவர், இன்று காலை காபி குடித்தார். திருகை மறந்தார்.

காரணம், பசை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போன். போனில் ஒரு வீடியோ. வீடியோவில் அவருடைய ஒரே மகள் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு சிவப்புக் கிதார்.

அவர் செய்த கிதார் இல்லை. ஏதோ தொழிற்சாலையில், ஒரே நாளில் ஆயிரம் உருப்படிகளாக, லிப்ஸ்டிக் பூசி இறக்கிவிடுகிற ரகம்.

"யாருடைய கிதார் இது?" என்று போனைப் பார்த்துக் கத்தினார். வாய் கத்திக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குப் பிடியை இழுத்துக்கொண்டிருந்தது. மரம் முடிந்து மேஜை ஆரம்பித்த பிறகுதான் சத்தம் மாறியது.

பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நாலரை சென்டிமீட்டர் கனமுள்ள பலகை. முன்னாலிருந்து பார்த்தால் பின்னாலிருக்கும் பல்லி தெரிந்தது.

டொக்டொக் என்பது அவர் அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் கதவு, அலமாரி, நாற்காலி என்று மரமாக இருப்பதையெல்லாம் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடப் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் டீப்பாயைத் தட்டினார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். கதவு ஜன்னல் செய்துகொண்டிருந்தவர், மகளுக்குப் பத்து வயதில் கிதார் பைத்தியம் பிடித்ததும், அந்தப் பைத்தியத்தைப் பாதி வாங்கிக்கொண்டு கிதார் செய்ய ஆரம்பித்தார்.

மகளை வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள். ஆள் அளவும் அதுதான், காரமும் அதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ரோஸ்வுட்டில் அவளுக்கு ஒரு கிதார் செய்து கொடுத்தார். ஐந்தரைக் கிலோ. "கனம் இருந்தாத்தான் நாதம் நிக்கும். லேசான கிதார், லேசான ஆள், ரெண்டையும் நம்பாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவளும் எல்லா மேடையிலும் அதைத்தான் வாசித்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் வரைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனபோது அந்தக் கிதார்ப் பெட்டி மூலையில் கிடந்ததையும், அதன் மேல் மடிக்காத துணி மலையாகக் குவிந்திருந்ததையும், டொக்டொக் சாப்பிடாமல் எழுந்து வந்ததையும் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவரும் மறக்கவில்லை. ஆனால் தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். பழசு அலுத்திருக்கும். புதுசு வேணும் போல. செய்துவிடுவோம்.

அந்தப் புதுசுதான் இந்த ஊதா மரம். பர்ப்பிள்ஹார்ட். அறுக்கும்போது பழுப்பாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் வைத்தால் நாள் ஆக ஆக உள்ளேயிருந்து ஊதா ஏறும். எங்கோ கடல் தாண்டி வந்த பலகை. இரண்டு வருஷமாகப் பரண் மேல் காயப் போட்டு, வாரம் ஒரு தடவை தட்டி நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். மேலே ஒட்டுவதற்கு வரிக்குதிரை மாதிரி கோடு ஓடுகிற ஜீப்ராவுட். விரல் பலகைக்குக் கருங்காலி. பத்து நாளில் மிளகின் இசைக்குழு முதல் ஆல்பம் பதிவு செய்யப் போகிறது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கணக்கு.

இப்போது அதில் ஓட்டை.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். பிக்கப்புக்குக் கம்பி சுற்றுவதும், முடிந்த கிதாருக்கு வார்னிஷ் அடித்து மினுக்குவதும் அவள் வேலை. பலகையை வாங்கினாள். ஓட்டை வழியாகக் கணவரைப் பார்த்தாள்.

"ஜன்னல் வச்சிட்டீங்களா? நல்லதுதான். காத்தோட்டமா இருக்கும்."

"கிண்டல் அப்புறம். இத முதல்ல பாரு." போனை நீட்டினார். "இந்தச் சிவப்பு எப்போ வந்துச்சு? யாரு வாங்கிக் குடுத்தா? நான் செஞ்ச கிதாருக்கு என்ன கேடு?"

மனைவி வீடியோவைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. டொக்டொக்குக்கு அங்கேதான் சுருக்கென்றது. பார்க்காததைப் பார்க்கிறவள் முகம் இல்லை அது.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"எனக்குச் சுத்தற வேலை பாதியில நிக்குது" என்று அவள் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே போனார். அவள் சுற்று மிஷின் முன்னால் உட்கார்ந்து, தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்திருந்தாள். ஒரு பிக்கப்புக்கு ஐயாயிரம் சுற்று. எண்ணிக்கை தப்பினால் ஒலி கெட்டுப்போகும். சுற்று காட்டுகிற மீட்டர் கெட்டு நாலு மாதம் ஆகிறது, அதனால் வாயால்தான் எண்ண வேண்டியிருக்கிறது, எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இது இந்த வீட்டின் சட்டம்.

"அவளுக்கு என் கிதார் வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

"நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு, பதிமூணு..."

"தலையையாவது ஆட்டு."

"பதினாலு, பதினஞ்சு..."

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் மிஷின் ஓரத்தில் தொங்கிய தூசித் துணி கண்ணில் பட்டது. எப்போதும் அங்கேயே தொங்குகிற துணி. எதற்கு எப்போதும் அங்கேயே தொங்குகிறது? எடுத்தார்.

கீழே மீட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூற்று ஆறு. ஏழு. எட்டு.

மனைவி மெதுவாக மிஷினை நிறுத்தினாள்.

"நாலு மாசமா?" என்றார் டொக்டொக். "நாலு மாசமா நான் கேள்வி கேக்கறப்பல்லாம் நீ சும்மாவா எண்ணிக்கிட்டிருந்தே?"

"சும்மா எண்ணறதும் கஷ்டம்தாங்க. மீட்டர் ஒண்ணு காட்டும், வாய் ஒண்ணு சொல்லணும்."

"அடிப்பாவி! இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவ, பொய்யா நம்பர் சொல்லி என்னை வெளியே அனுப்பியிருக்கே!"

"கத்தாதீங்க. இது என் வாயால சொல்ற விஷயம் இல்ல. மாப்பிள்ளைகிட்டக் கேளுங்க."

"கேக்கறேன். கேக்காம விடப் போறதில்ல!"

ஸ்கூட்டரை உதைத்தார். முதல் உதையில் கிளம்பவில்லை. கோபமாக வெளியேறுகிற மனுஷனை அவமானப்படுத்த ஸ்கூட்டரைப் போல ஒரு சாதனம் கிடையாது. நாலாவது உதையில் கிளம்பிற்று. மனைவி வாசலில் நின்று ஏதோ சொன்னாள். காதில் வாங்காமல் போய்விட்டார்.

மருமகன் மேடைகளுக்கு ஸ்பீக்கர், மைக் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற சவுண்ட்காரர். தன்மையான பிள்ளை. எதைக் கேட்டாலும் "ஒரு மாதிரி" என்று ஆரம்பித்து, அந்த மாதிரி எந்த மாதிரி என்று சொல்லாமலே முடிப்பார். டொக்டொக் நுழைந்தபோது கடைக்குள் தரையில் உட்கார்ந்து, ஒயர்களை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா. நெத்தியில அந்தக் கண்ணாடியோடயேவா வந்தீங்க?"

டொக்டொக் தொட்டுப் பார்த்தார். பட்டறைக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. தூசி முகமூடி தாடைக்குக் கீழே தொங்கியது. மூன்று சிக்னலில் நின்று வந்திருக்கிறார். மனைவி வாசலில் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

"என் வேஷம் இருக்கட்டும் மாப்பிள்ளை. அந்தச் சிவப்புக் கிதாரை வாங்கினது யாரு?"

"அது... ஒரு மாதிரி..."

"மாதிரி வேண்டாம். ஆள் யாரு?"

மருமகன் ஒயரைக் கீழே வைத்தார். "நான்தான் மாமா வாங்கினேன்."

"ஓ. அப்படியா. மாமனார் ராப்பகலா மரத்தைக் கட்டிக்கிட்டு அழறான், அவன் மூஞ்சியில கரி பூசணும்னு வாங்கினீங்களா? இல்ல, அந்தக் கம்பெனிக்காரன் விளம்பரத்துக்கு ஏதாவது சொன்னானா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல மாமா. அதுக்கு ஒரு காரணம் இருக்கு."

"சொல்லுங்க."

"நான் சொன்னா நல்லா இருக்காது."

"உங்க அத்தை உங்களைக் கேக்கச் சொல்றா. நீங்க யாரைக் கேக்கச் சொல்லப் போறீங்க? இது என்ன குடும்பமா, கரண்ட் ஆபீஸா? இந்தக் கவுண்டர் இல்ல, அடுத்த கவுண்டர்னு அனுப்பிக்கிட்டே இருக்கீங்க! நான் என்ன மீட்டர் மாத்தவா வந்திருக்கேன்?" பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் பெட்டியை ஓங்கித் தட்டினார். தட்டியதும், கோபத்துக்கு நடுவிலும் காது தன்னால் சாய்ந்தது. "பிளைவுட்! எல்லாமே பிளைவுட்! இந்த வீட்டுல உள்ளே ஒண்ணு, மேலே ஒண்ணு!"

மருமகன் அதுவரை குனிந்தே இருந்தார். இப்போது நிமிர்ந்தார். கல்யாணம் ஆகி ஐந்து வருஷத்தில் அந்தக் கண்ணில் டொக்டொக் முதல் தடவையாகக் கோபத்தைப் பார்த்தார்.

"உள்ளே ஒண்ணு மேலே ஒண்ணு இல்ல மாமா. காலையில அவ சட்டை பட்டன் போட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நான் போட்டு விடட்டுமான்னு கேட்டா..."

நிறுத்திக்கொண்டார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"என்ன பட்டன்?"

"ஒண்ணும் இல்ல."

"பட்டன் போட என்ன நேரம்? மாப்பிள்ளை, என்ன சொல்ல வந்தீங்க?"

"பதினோரு மணிக்கு ரிகர்சல். இப்ப போனா தனியா இருப்பா. மத்தவங்க வர அரை மணி ஆகும்." மருமகன் மறுபடி ஒயரைக் கையில் எடுத்தார். "தயவு செஞ்சு அவகிட்டக் கத்தாதீங்க மாமா."

கத்த மாட்டேன் என்று டொக்டொக் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் தப்பு. கொடுக்காமல் மீறினால் பழக்கம்.

ரிகர்சல் அறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டைத் தட்டு மாதிரி பஞ்சு ஒட்டியிருந்தது. ஜன்னல் இல்லை. நடுவில் ஸ்டூலில் மிளகு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சிவப்பு.

மேடையில் ஒரு நிமிஷம்கூட உட்காராத பெண். குதித்துக் குதித்து வாசிப்பாள். இப்போதுதான் டொக்டொக்குக்கு உறைத்தது. வீடியோவிலும் அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்.

"என்னப்பா, மாஸ்க்கோட வந்திருக்கீங்க? கொள்ளையடிக்கவா?"

"கொள்ளை போனது என் பக்கம்தான்." மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு அந்த வசனத்தைக் கெடுத்தது. "குடு அதை."

கொடுத்தாள். வாங்கியவர் ஒரு கணம் தடுமாறினார். கனமான சாமான் என்று நினைத்துக் கையை இறுக்கித் தூக்கினால், அது பறந்து மேலே வந்துவிட்டது. விரல் முட்டியால் தட்டினார்.

"கேட்டியா? ஒண்ணுமே இல்ல உள்ளே. மரமா இது? தெர்மோகோல்! எவ்வளவு எடை?"

"ரெண்டரைக் கிலோ."

"ரெண்டரைக் கிலோ! வெங்காயம் வாங்கிட்டு வந்த மாதிரி! காலையிலேர்ந்து நான் பைத்தியக்காரன் மாதிரி எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கேன். உங்கம்மா என்னடான்னா இல்லாத நம்பரை எண்ணறா. உன் புருஷன் பட்டன்ங்கறார். நான் என்ன கொழந்தையா? என் கிதாருக்கு என்ன கொறைன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல! கிதாருன்னா தோள்ல உக்காரணும். உக்காந்த இடம் தெரியணும்!"

"உக்காந்துச்சுப்பா" என்றாள் மிளகு. "இடம் தெரிஞ்சுது."

குரலில் காரம் இல்லை. அதுதான் அவரை நிறுத்தியது.

இடது கையை நீட்டினாள். கிதார் மீட்டுகிற பிளாஸ்டிக் சில்லின் கூர் முனையால் கட்டைவிரலைக் குத்தினாள். "இது தெரியுது." ஆள்காட்டி விரல். "தெரியுது." நடுவிரல். "பரவாயில்ல." மோதிர விரலையும் சுண்டு விரலையும் வெள்ளையாகும் வரை அழுத்திக் குத்தினாள். அவர்தான் தன் கையை இழுத்துக்கொண்டார். அவள் இழுக்கவில்லை.

"இந்த ரெண்டும் மரத்துப் போச்சு. கிதார் பட்டை தோள்ல அழுத்தி அழுத்தி, கழுத்துக்குக் கீழ நரம்பு நசுங்கியிருக்காம். கம்பி எது, காத்து எதுன்னு இந்த ரெண்டு விரலுக்கும் தெரியல. பாத்துப் பாத்துத்தான் வைக்கறேன்."

டொக்டொக் சிவப்புக் கிதாரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏன் சொல்லல?" கோபமாகக் கேட்கத்தான் நினைத்தார். பாதிதான் கோபமாக வந்தது. "அப்பன்கிட்டச் சொல்லாம ஊரையெல்லாம் கூட்டு சேத்துக்கிட்டு..."

"எப்படிப்பா சொல்றது? அந்த ஊதாப் பலகை வந்த அன்னிக்கு அதுக்குப் பக்கத்துல பாய் போட்டுத் தூங்கினீங்க. அம்மா போட்டோ அனுப்பினாங்க. நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு அம்மாவுக்குப் பயம்."

"உனக்கு?"

"எனக்கு அந்தப் பயம் இல்ல. நீங்க உடனே ரிப்பேர் பண்ணக் கிளம்பிடுவீங்கன்னுதான் பயம்."

"ரிப்பேர் பண்ணாம? பண்ணக் கூடாதா? பலகையை உள்பக்கமாக் குடைஞ்சு எடுத்துட்டா பாதி எடை போயிடும். பட்டையை அகலமாப் போட்டு, ரெண்டு தோளுக்கும் பிரிச்சு விட்டா... கழுத்துக்கு லேசான மரம் வச்சு... இல்ல, தொடையில நிக்கற மாதிரி கீழ ஒரு வளைவு குடுத்தா..."

காற்றில் கையால் வரைந்துகொண்டே போனார். மிளகு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை தானாகவே அந்தரத்தில் நின்றது.

"பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐந்தரைக் கிலோவைத் தராசில் வைத்துப் பெருமையாகப் படம் எடுத்து அனுப்பிய ஆளை, தன்னையே, பார்த்தார். அவர் யார்மேல் கோபப்படுவது? காலையிலிருந்து சேர்த்து வைத்த கோபம் கையில் அப்படியே இருந்தது. கொடுக்க ஆள்தான் இல்லை.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"வெள்ளிக்கிழமை நரம்பு டெஸ்ட். குழுவுல யாருக்கும் இன்னும் தெரியாது. தெரிஞ்சா ரெக்கார்டிங்குக்கு வேற ஆள் தேடுவாங்க. தேடறதும் நியாயம்தான்."

திறந்து கிடந்த கதவு வழியாக, கீழே எங்கோ ஷட்டர் திறக்கிற சத்தம். படிக்கட்டில் பேச்சும் சிரிப்பும் ஏறி வர ஆரம்பித்தன. குழு வருகிறது.

டொக்டொக் குனிந்து சிவப்புக் கிதாரை அதன் ஸ்டாண்டில் நிறுத்தினார். அவருடைய கிதாரை எப்படி வைப்பாரோ அப்படியே, சத்தம் வராமல்.

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல."

"எல்லார்கிட்டயும் கேட்டீங்க. என்கிட்ட ஒரு தடவை கூடக் கேக்கலையேப்பா. முதல் கிதார் செய்யறப்பவும் கேக்கல."

அது உண்மைதான். என்ன மரம் என்று மரக்கடைக்காரரைக் கேட்டார். என்ன வடிவம் என்று புத்தகத்தைக் கேட்டார். என்ன நிறம் என்று மனைவியைக் கேட்டார்.

"இப்ப கேக்கறேன்." "நான் செய்யற கிதார் உனக்கு வேணுமா, வேண்டாமா?"

காலடிகள் இரண்டாவது மாடிக்கு வந்துவிட்டன. மிளகு வாசலைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"வேண்டாம்ப்பா. குடைஞ்சாலும் வேண்டாம், இழைச்சாலும் வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு வேண்டியது வேற" என்றாள், வேகமாக, படிக்கட்டுச் சத்தம் நெருங்குவதற்குள் சொல்லி முடிக்கிற அவசரத்தில். "வெள்ளிக்கிழமை நீங்க என்கூட வரணும். அவர் வந்தா எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டே இருப்பார். அம்மா வந்தா அழுவாங்க. அந்த டாக்டர்கிட்ட நானும் மூணு தடவை கேட்டுட்டேன், இந்த விரல் திரும்பி வருமா வராதான்னு. பாக்கலாம், பாக்கலாம்னே சொல்றார். எனக்குப் பயமா இருக்குப்பா. நீங்க வந்தீங்கன்னா, அவர் பதில் சொல்ற வரைக்கும் அந்த ரூமை விட்டு வெளிய வர மாட்டீங்க."